பங்கேற்பு வேறு, உரிமை வேறு: எல்லைப்புறக் கூத்தின் ஓராண்டு



கலை அமைப்புகளின் ஆண்டறிக்கைகளில் 'மக்கள் பங்கேற்பு' என்று ஒரு பகுதி இருக்கும். எத்தனை நிகழ்ச்சி, எத்தனை ஊர், எவ்வளவு கூட்டம் என்று கணக்கு வரும். ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கூத்துக்கு அப்படி ஓர் ஆண்டறிக்கை எழுதினால், அந்தக் கணக்கில் நாம் தவறாமல் இருப்போம். பறை அடித்தவர்கள் நாம். பந்தலுக்குக் குழி தோண்டியவர்கள், தீமிதிக்கு விறகு சுமந்தவர்கள், வேஷம் கட்டி விடிய விடிய ஆடியவர்கள் நம்மிலும் உண்டு. ஆகவே பங்கேற்பு இருந்ததா என்று கேட்பதில் நமக்குப் பயனில்லை. கூத்துக்கு நாள் குறித்தது யார், களம் யாருடையது, மேளத்துக்கு யார் சொந்தக்காரர், எந்தக் கதையை ஆடுவது என்று முடிவு செய்தது யார்? இந்த நான்கு கேள்விகளோடுதான் அந்த ஆண்டைப் படிக்க வேண்டியிருக்கிறது.

கூத்தின் ஆண்டு

மாசியில் மயானக் கொள்ளையோடு கூத்துக்காரர்களுக்கு வேலை தொடங்குகிறது. பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம். வட தமிழகம் முழுவதற்கும் பொதுவான இந்தத் திருவிழா, பழைய தருமபுரி மாவட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பகலில் வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கம், இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். திரௌபதி கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, கர்ண மோட்சம் என்று போய்ப் பதினெட்டாம் போரில் முடியும். அர்ச்சுனன் தபசுக்கு உயர்ந்த மரத்தை நட்டு வேஷக்காரர் அதன் உச்சிக்கு ஏறுவார். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம், மாலையில் தீமிதி.

ஆடிக்குப் பிறகு மாரியம்மன் விழாக்கள். இடையிடையே, இறந்தவரின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கர்ண மோட்சம் ஆடச் சொல்லித் தாம்பூலம் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூத்துப் பெட்டியை மூடி வைத்துவிட்டுக் கட்டட வேலைக்கும் கூலி வேலைக்கும் போக வேண்டியதுதான்.

வட தமிழகக் கூத்துக் குழுக்களில் வன்னியர், வண்ணார், பறையர், பாணர் என்று பல சாதிகளைச் சேர்ந்த கலைஞர்கள் உண்டு. பல ஊர்களில் கூத்தாடுவது 'முறை' என்ற பெயரில் வந்தது. முறை என்பது ஒரே நேரத்தில் உரிமையாகவும் கட்டாயமாகவும் இருந்தது. அந்தக் குடும்பம்தான் ஆட வேண்டும். ஆடாமல் இருக்கவும் முடியாது. கூலியாகத் தானியமும் ஊரார் மனம்போலப் பணமும் கிடைத்தன. விழாவின் நாளையும் செலவையும் ஊர்ப் பெரியதனக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் சேரிக்கு இடமில்லை. முடிவை ஊருக்கு அறிவிக்கும் தண்டோராவுக்கு மட்டும் சேரி வேண்டும்.

'ஆதிக்கச் சாதி' என்ற கருத்தாக்கத்தை எம். என். சீனிவாஸ் எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர்ப் பகுதியில் ராம்புரா என்று அவர் பெயரிட்ட கிராமத்தை வைத்து 1950களில் விரித்தெழுதினார். நிலமும் ஆள்பலமும் உள்ள சாதி பஞ்சாயத்தைக் கையில் வைத்திருப்பதைப் போலத்தான் திருவிழாவையும் வைத்திருக்கிறது. திருவிழா ஊரை ஒன்றாக்குகிறது என்று சொல்லும் சமூகவியலை நாமும் படித்தோம். யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் நினைவூட்டித்தான் அது ஒன்றாக்குகிறது.

துகிலுரிதலும் நாயக்கன்கொட்டாயும்

சபையில் இழுத்துவரப்பட்ட திரௌபதி நியாயம் கேட்கும்போது கூட்டம் அழும். பெண்களுக்கு மருள் வரும். நடிப்பு என்று தெரிந்தும் துச்சாதனன் வேஷக்காரர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் சேலையைத் தொடுவார். கூத்தின் வலிமை அது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் சபையில் நியாயம் கேட்கும் திரௌபதிக்காக அழுகிற மண்ணில், தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்துகொண்ட பெண்ணுக்கு என்ன நியாயம் கிடைக்கிறது? 2012 நவம்பர் 7 அன்று, சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைக் காரணமாக்கி, தருமபுரி நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பாரதம் கேட்ட வட்டாரம் இது. கதை ஊரைத் திருத்திவிடும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது என்பதை அந்த நாள் நமக்குக் காட்டியது. கதையைச் சொல்லும் இடமும் சொல்லுகிறவரும் மாறாத வரை, அது ஊரின் மனசாட்சியைத் தொட்டாலும் ஊரின் அதிகாரத்தைத் தொடாது.

பலி யார்?

கூத்தின் கதைப்படி, களப்பலிக்குத் தேவையான முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தியவர்கள் கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான் ஆகிய மூவர். பலிக்குப் போவது நாகப் பெண்ணின் மகன் அரவான். இதை விடிய விடியப் பார்த்த சேரிக்கு ஒரு கேள்வி எழாமல் இருந்திருக்குமா? அந்தக் கேள்வியை நவீன மேடைக்குக் கொண்டுவந்தவர் கே. ஏ. குணசேகரன். அவருடைய 'பலி ஆடுகள்' தமிழின் முதல் தலித் நாடகம் என்று பேசப்படுகிறது. பலிக்குத் தலித்தைத் தேர்ந்தெடுக்கும் சாதியை மட்டும் அது விசாரிக்கவில்லை. தலித் பெண்ணைப் பலியாக்கும் தலித் ஆணையும் சேர்த்தே விசாரித்தது. கதையை முடிவு செய்யும் உரிமை கைக்கு வந்ததும் நம்மையே விசாரித்துக்கொண்டோம் என்பதுதான் அதன் பெருமை.

சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் 1955இல் பிறந்த குணசேகரன், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். இன்குலாபின் 'மனுசங்கடா' பாடல் அவர் குரலில்தான் சேரிகளுக்குள் போய்ச் சேர்ந்தது. 2016 ஜனவரி 17இல் மறைந்தார். அதே காலத்தில் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலைவிழாக்களை நடத்தியது. பறட்டை அண்ணன் என்று நாம் அன்போடு அழைக்கும் தியோபிலஸ் அப்பாவு அங்கிருந்து பாட்டும் நாடகமும் எழுதினார்.

அங்கேதான் பறை வேறொன்றானது. சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அடித்தே தீர வேண்டும் என்றிருந்த கருவி, நாம் விரும்பும்போது விரும்பும் இடத்தில் அடிக்கும் கருவியானது. அதற்கு முன்பே, ஊருக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பல சேரிகள் கருவியைக் கீழே வைத்திருந்தன. அடிக்க மறுத்த கையும் மேடையில் அடித்த கையும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவை. அந்த மறுப்பையும் நமது நாடக வரலாற்றில் எழுத வேண்டும். நமது எல்லையில் இந்தக் கருவிக்கு மூன்று பெயர்: தமிழில் பறை, கன்னடத்தில் தமட்டெ, தெலுங்கில் டப்பு. மூன்று மொழியிலும் அதை அடித்தவர்கள் ஊருக்கு வெளியேதான் குடியிருந்தார்கள்.

ஷிப்ட்டும் விடியலும்

1970களில் ஒசூருக்கு சிப்காட் வந்தது. அசோக் லேலண்டும் டைட்டனும் வந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. நம் பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கம்பெனி பஸ் ஏறினார்கள். கூத்து விடிந்தால்தான் முடியும். காலை ஷிப்ட்டுக்கான பஸ்ஸோ விடியும் முன்பே வந்துவிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு வரைதான், மாநில அரசு தளர்வு தரலாம். அனுமதி வாங்கப் போவதும் அதே பெரியதனக்காரர்கள்தான்.

கூத்து அழிகிறதே என்று வருந்துவோரோடு நாம் முழுதாகச் சேர முடியவில்லை. முறை என்ற கட்டாயத்திலிருந்து நம் பிள்ளையை விடுவித்ததில் தொழிற்சாலைச் சம்பளத்துக்கும் பங்குண்டு. ஆனால் கட்டாயம் போனபோது கலையும் சேர்ந்து போக வேண்டியதில்லை.

தொழிற்பேட்டைக்குள் நாடகம் போக முடியும் என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1975இல் தொடங்கிய கர்நாடகத்தின் 'சமுதாயா', பீகாரில் தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்ட பெல்ச்சிக் கொடுமையைக் கன்னடத் தெருக்களில் நாடகமாக்கியது. டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில் 1989 ஜனவரி 1 அன்று தொழிலாளர்கள் நடுவே நாடகம் போட்டுக்கொண்டிருந்த சஃப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டார், மறுநாள் இறந்தார். நாடகம் யாருக்கு உறுத்துகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நமக்கென்று ஓர் ஆண்டு

நாள் குறிக்கும் உரிமையைப் பற்றி இந்த எல்லையில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1907இல் 'தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், கார்த்திகை தீபத்தையும் தீபாவளியையும் பௌத்த நினைவுகளாகத் திருப்பிப் படித்தார். அவருக்குப் பெரும் ஆதரவு தந்தது பக்கத்துக் கோலார் தங்கவயலின் தமிழ்த் தொழிலாளர் சமூகம். சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்த மக்கள் தங்களுக்கென்று பௌத்த சங்கமும் அச்சுக்கூடமும் வைத்திருந்தார்கள்.

அந்த வழியில் நமது நாடக ஆண்டை நாமே குறிப்போம். ஏப்ரல் 14க்கு ஒரு நாடகம். அயோத்திதாசர் பிறந்த மே 20க்கு ஒன்று. அண்ணல் பௌத்தம் தழுவிய அக்டோபர் 14க்கு ஒன்று. டிசம்பர் 25க்கு ஒன்று: 1927இல் மகாடில் மனுநூல் எரிந்ததும் 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் அதே நாளில்தான். களம் காலனியின் நடுத்தெரு. அங்கே யாரும் வந்து உட்காரலாம். நேரம் மாலை 6 முதல் 9 வரை. ஷிப்ட் முடித்தவரும் பார்க்க வேண்டும், மறுநாள் ஷிப்ட்டுக்குப் போகிறவரும் பார்க்க வேண்டும். ஒரே நாடகத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரட்டும். நம் தெருவில் அப்படித்தான் பேசுகிறோம். வேஷத்தில் பெண்கள் பெண்களாகவே வரட்டும். கலைஞருக்குத் தினக்கூலிக்குக் குறையாத சம்பளத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்ற செலவைப் பார்ப்போம்.

இந்த ஆண்டின் முடிவில் நாம் எழுதும் அறிக்கையில் கூட்டத்தின் எண்ணிக்கை கடைசியில் வரட்டும். நாளைக் குறித்த கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்பது முதல் பக்கத்தில் இருக்கட்டும்.