கறுப்புக் கல்லில் வெள்ளைச் சிலுவை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கார்ன்வால். அங்கே காரின் பின்கண்ணாடியைப் பார்த்தே ஊர்க்காரர் வண்டியைச் சொல்லிவிடலாம். கறுப்புக்கு நடுவே வெள்ளைச் சிலுவை ஒட்டியிருக்கும். புனித பிரன் கொடி.

எப்படி வந்தது என்று கேட்டால் கடலிலிருந்து தொடங்குவார்கள். அயர்லாந்தில் பிரனைத் திரிகைக் கல்லோடு பிணைத்துக் கொந்தளிக்கும் கடலில் உருட்டிவிட்டார்களாம். கடல் அடங்கியது, கல் தெப்பமாக மிதந்து அவரைப் பெரன்போர்த் கரையில் சேர்த்தது. மணல்மேட்டில் சின்னதாக ஒரு தேவாலயம் எழுப்பினார். ஒரு நாள் அவர் மூட்டிய தீயில் அடுப்பின் கறுப்புக் கல் காய்ந்து, வெள்ளையாய் ஏதோ உருகி வழிந்து, சிலுவை வடிவில் உறைந்தது. வெள்ளீயம்! அன்றிலிருந்து அவர் சுரங்கக்காரர்களின் காவலர்.

வெள்ளீயத்தை அவரே கண்டுபிடித்தார் என்றால் கணக்கு உதைக்கிறது. பிரன் காலம் 5, 6ஆம் நூற்றாண்டு என்பார்கள். கார்ன்வாலிலோ வெண்கலக் காலத்திலேயே வெள்ளீயம் எடுத்தாயிற்று. 'மறந்துபோன வித்தையை அவர் மீட்டார்' என்று ஊரார் சமாளிப்பது உண்டு. ஆனால் நிறம் பொய்யில்லை. வெள்ளீயத் தாது கருங்கல் துண்டு போலத்தான் இருக்கும், கையில் எடுத்தால் அதைவிடக் கனக்கும். உலையில் கரியோடு போட்டு ஊதினால், தாதுவிலுள்ள ஆக்சிஜனைக் கரி பறித்துக்கொள்ளும்; அடியில் வெள்ளி போல உலோகம் ஓடும். உலையடியில் யாரோ கண்டு வியந்ததுதான் பிறகு துறவியின் அடுப்புக்கு மாறியது என்று எனக்குப் படுகிறது.

கொடி எழுத்தில் ஏறியது 1838இல். ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த டேவிஸ் கில்பர்ட், கார்ன்வால் ஊர்களின் வரலாற்றில் அதைக் குறித்தார். கறுப்புத் தாதுவையும் வெள்ளை உலோகத்தையும் அது சுட்டலாம் என்று அவரே ஊகித்திருக்கிறார்.

பிரன் எழுப்பிய அந்தத் தேவாலயம் என்ன ஆயிற்று? மணல் விழுங்கியது. மணல் தாண்டாது என்று நம்பி, ஓடைக்கு அப்பால் இன்னொன்று கட்டினார்கள். சுரங்க வேலையில் ஓடை வற்றியதாம். மணல் அங்கேயும் வந்துவிட்டது. சுரங்கக்காரர்களின் புனிதருக்குச் சுரங்கமே வினையானது! 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாவது தேவாலயத்தை உள்நாட்டில் எழுப்பினார்கள். ஊர்ப் பெயரே பெரன்சபுலோ, மணலில் இருக்கும் பிரன் என்று பொருள்.

முதல் தேவாலயத்தை 1835இல் தோண்டி எடுத்தார்கள். 1910இல் கான்கிரீட் கூடு போட்டார்கள், உள்ளே தண்ணீர் தேங்கியது. 1980இல் திரும்பவும் மணலால் மூடினார்கள். 2014இல் மறுபடி தோண்டினார்கள்.

மார்ச் 5 பிரன் திருநாள். அதையொட்டி ஒரு ஞாயிறு கறுப்பு வெள்ளைக் கொடிகளோடு கூட்டம் மணல்மேடு ஏறி, அந்தச் சுவர்களை நோக்கி நடக்கும்.