பரணில் ஒரு பிரசவ வார்டு

சில வருஷம் முன்னாடி ஆன்சைட் வேலையாக பிரிஸ்டலில் இருந்தபோது, வாடகை வீட்டுக் கூரையில் ரெண்டு ஓடு நகர்ந்து ஒழுக ஆரம்பித்தது. ஜூன் மாதம். வீட்டுக்காரர் சொன்ன பதில்: "மேல பரண்ல வௌவால் குட்டி போட்டிருக்கும், இப்போ கை வைக்க முடியாது." ஏதோ சாக்கு சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வாளி வைத்துக்கொண்டு, தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பிரிட்டனின் பிபிஸ்ட்ரெல் வௌவால் சுமார் 5 கிராம்தான் இருக்கும். கோடை தொடங்கும்போது பெண் வௌவால்கள் மட்டும் கூட்டமாக ஒரு இடத்தில் சேரும். வெயிலில் சூடேறும் ஸ்லேட் ஓட்டுக்கு அடியில் குட்டிக்கு வேண்டிய கதகதப்பு இலவசமாகக் கிடைக்கிறது. பொதுவாக வருஷத்துக்கு ஒரே குட்டி. அது பறக்க மூணு, நாலு வாரம் ஆகும். அம்மாக்கள் இரை தேடப் போன நேரம் பார்த்து ஓட்டையை அடைத்தால் உள்ளே இருக்கும் அத்தனை குட்டியும் பட்டினியில் சாகும்.

அடைப்பதைவிடப் பெரிய எமன் மருந்துதான். உத்தரத்தைத் துளைக்கும் வண்டைக் கொல்ல, போருக்குப் பிந்தைய பிரிட்டனில் பரண்களில் லிண்டேன், பென்டாகுளோரோஃபீனால் எல்லாம் அடித்தார்கள். வௌவால் அந்த மரத்தில் ஒட்டித் தொங்கும், பிறகு தன் ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்யும். மருந்து அடித்து ரொம்ப நாள் கழித்தும் அந்த மரம் வௌவாலைக் கொல்லும் என்று பால் ரேசியும் சூசன் ஸ்விஃப்டும் 1986-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அதற்குப் பிறகு பெர்மெத்ரின் மாதிரி, வௌவாலுக்கு ஆபத்து குறைந்த மருந்துகளுக்கு மாறினார்கள்.

சட்டம் வந்ததும் தவணை முறையில்தான். 1975 சட்டம் காப்பாற்றியது இரண்டே இனங்களை: பெரிய குதிரைலாட வௌவால், எலிக்காது வௌவால். 1981-ல் வந்த வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம்தான் எல்லா இனங்களையும் சேர்த்துக்கொண்டது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், வீட்டை ரெண்டாகப் பிரித்த விதம். மனுஷங்க புழங்கும் அறைக்குள் வௌவால் வந்தால் நீங்களே வெளியே விடலாம் என்றது அந்தச் சட்டம். பரணில் இருந்தால், முதலில் அப்போதிருந்த இயற்கைப் பாதுகாப்பு கவுன்சிலுக்குச் சொல்லி, அவங்க ஆலோசனை தர நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆக, உங்க சொந்தக் கூரையை மாற்ற நீங்க கடிதாசி போட வேண்டியிருந்தது!

அது மட்டுமில்லை, வௌவால் இல்லாத மாதங்களிலும் அந்த இடத்துக்குப் பாதுகாப்பு உண்டு. முதலில் இது எனக்கு அபத்தமாகப் பட்டது. ஆனால் அதே பெண் வௌவால்கள் வருஷா வருஷம் அதே பரணுக்குத் திரும்பி வருபவை. ஜனவரியில் காலியாகக் கிடக்கிறதே என்று அடைத்தால், மே மாதம் கர்ப்பத்தோடு வருகிறது எங்கே போகும்?

வீட்டுக்காரர் மேல் எனக்கிருந்த எரிச்சல் இங்கேதான் குறைந்தது. செலவு முழுக்க அவர் தலையில், முடிவு மட்டும் வேறு யாரோ எடுப்பது. ஆகஸ்ட் கடைசியில் கூட்டம் கிளம்பிப் போயாச்சு. ஆலோசனையும் வந்து, கொத்தனார் ஓடு மாற்றியது அக்டோபரில். அதுவரை ரெண்டு நாளைக்கு ஒரு வாளி தண்ணீர் கொட்டினேன்.