நுரையீரல் புற்றுநோயின் மருந்து எதிர்ப்பில் புரதம் வெட்டும் நொதிகள்

புரோட்டியேஸ் எனப்படும் புரதம் வெட்டும் நொதிகள், புரதச் சங்கிலியில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பை அறுப்பவை. உணவு செரிப்பதும் இரத்தம் உறைவதும் இவற்றால்தான் நடக்கின்றன. நுரையீரல் புற்றுநோயில் நெடுங்காலம் இவற்றின் மீது ஒரே குற்றச்சாட்டுதான் இருந்தது: கட்டியைச் சுற்றியுள்ள திசுவைக் கரைத்து, நோய் பரவ வழிவிடுகின்றன என்பது. மருந்துக்கு நோய் அடங்காமல் போவதிலும் இவற்றுக்கு நேரடிப் பங்கு உண்டு என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. அந்தப் பங்கு நொதிக்கு நொதி வேறுபடுகிறது. சில நொதிகள் மருந்தைத் தோற்கடிக்கின்றன, சில மருந்துக்கே துணை நிற்கின்றன. ஆகவே எந்த நொதி எந்தப் புரதத்தை எங்கே வெட்டுகிறது என்று பார்க்காமல், இவற்றை ஒரே கூட்டமாக அடக்க முயல்வது பயன் தராது.

மருந்து எதிர்ப்புக்கு மரபணுப் பிறழ்வே காரணம் என்ற விளக்கம் வலுவானது. நுரையீரல் புற்றுநோயில் சுமார் 85 விழுக்காடு சிறுசெல் அல்லாத வகை. அவ்வகை நோயாளிகளில், செல்லுக்கு வளர்ச்சிச் சமிக்ஞை தரும் ஈஜிஎஃப்ஆர் ஏற்பி பிறழ்ந்தவர்களுக்கு ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் மாத்திரைகள் தொடக்கத்தில் நன்றாகக் கேட்கின்றன. பெரும்பாலோருக்கு ஓராண்டு வாக்கில் கட்டி மறுபடி வளர்கிறது. ஏற்பியின் 790-ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் மெத்தியோனின் வந்து அமரும் பிறழ்வு 2005-இல் கண்டறியப்பட்டது. எதிர்ப்பு தோன்றிய கட்டிகளில் ஏறத்தாழப் பாதிக்கு அதுவே காரணம். அதையும் மீறி வேலை செய்யும் ஒசிமெர்டினிப் 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அந்த மருந்தும் தோற்கும் கட்டிகளில் கணிசமானவற்றில் விளக்கம் தரும் பிறழ்வு எதுவும் அகப்படுவதில்லை. மரபணு மாறாமலே செல் பிழைத்துக்கொள்ளும் வழிகளை அங்கேதான் தேட வேண்டியிருக்கிறது.

அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது ஆடம்17 என்ற நொதியின் வழி. செல் சவ்வில் பதிந்திருக்கும் இந்த நொதி, அதே சவ்வில் நங்கூரமிட்டிருக்கும் வளர்ச்சிக் காரணிகளின் வெளிப்பகுதியை அறுத்து விடுவிக்கிறது. அப்படி விடுபடும் ஹெரெகுலின், அதைச் சுரந்த செல்லின் ஹெர்3 ஏற்பியிலேயே போய் ஒட்டும். ஹெர்3-க்குத் தனியாகச் செயல்படும் ஆற்றல் மிகக் குறைவு. ஹெர்2 என்ற மற்றோர் ஏற்பியுடன் இணை சேர்ந்தால், செல்லை உயிரோடு வைத்திருக்கும் ஏகேடி சமிக்ஞையைக் கிளப்பிவிடும். ஜெஃபிட்டினிப் ஈஜிஎஃப்ஆரை முற்றாக அடைத்திருந்தாலும் இந்த இணை தன் போக்கில் இயங்கும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆடம் நொதிகளைத் தடுக்கும் சோதனை மூலக்கூறைக் கொடுத்தபோது ஹெர்3 சமிக்ஞை தணிந்தது. ஜெஃபிட்டினிப்புக்கு அடங்காதிருந்த நுரையீரல் புற்றுசெல்கள் அந்த மருந்துக்கே இணங்கின. இங்கே பிறழ்வு எதுவும் தேவைப்படவில்லை, ஒரு வெட்டே போதுமானதாயிற்று.

மெட் ஏற்பியின் வழியும் இத்தகையதே. அதைத் தூண்டும் ஹெச்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி, கட்டியைச் சூழ்ந்த நார்த்திசுச் செல்களிலிருந்து ஒற்றைச் சங்கிலியாக, செயலற்ற நிலையில் வெளிவருகிறது. மேட்ரிப்டேஸ், ஹெப்சின் போன்ற செரீன் நொதிகள் அதைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டி இரண்டு சங்கிலியாக்கிய பிறகுதான் அது மெட்டைத் தூண்டும். ஹெச்ஜிஎஃப் இருந்தால் ஈஜிஎஃப்ஆர் பிறழ்ந்த செல்கள் ஜெஃபிட்டினிப்புக்குத் தப்பிவிடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினர்.

இந்நொதிகளைத் தடுத்து மருந்து எதிர்ப்பை முறியடிக்கலாம் என்பதற்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய ஆட்சேபம், இவ்வகை நொதிகளைத் தடுக்கும் முயற்சி ஏற்கெனவே நடந்து தோற்றுவிட்டது என்பது. உண்மைதான். மேட்ரிக்ஸ் மெட்டலோ புரோட்டியேஸ்களைத் தடுக்கும் மாரிமாஸ்டாட், பிரினோமாஸ்டாட் மருந்துகள் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டன. ஆயுள் கூடவில்லை, மூட்டுவலியும் விறைப்பும்தான் மிஞ்சின. ஆனால் அந்தத் தோல்வி முறையைப் பற்றிய தீர்ப்பு. கருத்தைப் பற்றியதாக அதைக் கொள்ள முடியாது. மனித உடலில் இந்தக் குடும்ப நொதிகள் 23 உண்டு. அவற்றில் எட்டாம் நொதி போன்ற சில, கட்டியைக் கட்டுப்படுத்தவே உதவுகின்றன. அந்த மருந்துகள் நல்லது கெட்டது பாராமல் பலவற்றையும் ஒருசேர அடக்கின. அதோடு, பெரும்பாலும் நோய் ஏற்கெனவே முற்றியவர்களுக்கே அவை தரப்பட்டன.

வெட்டு எல்லாமே பகை அல்ல என்பதற்கு இன்னும் வலுவான சான்றுகள் உண்டு. வேதிச் சிகிச்சையால் அடிபட்ட செல்லை முறையாகச் சாகடிப்பவை காஸ்பேஸ் நொதிகள். ஆனால் சிறுசெல் வகைக் கட்டிகள் பலவற்றில் அவற்றுள் ஒன்றான காஸ்பேஸ்-8-இன் மரபணு அடக்கப்பட்டுக் கிடக்கிறது. ஹெர்2 பிறழ்ந்த நுரையீரல் புற்றுநோய்க்கு 2022-இல் அமெரிக்கா ஒப்புதலளித்த டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெக்கானில், நஞ்சை எதிர்ப்புரதத்தோடு பிணைப்பது நான்கு அமினோ அமிலங்களாலான சிறு இணைப்பு. செல்லுக்குள் கதெப்சின் நொதிகள் அதை அறுத்தால்தான் நஞ்சு வெளிப்படும். அந்த நொதிகளைத் தடுப்பது மருந்தின் கையைக் கட்டுவதாகும்.

ஆடம்17 பற்றிய சான்றுகள் பெரும்பாலும் செல் வளர்ப்பிலும் எலிகளிலும் கிடைத்தவை என்ற ஆட்சேபம் நியாயமானது. அந்த நொதி இல்லாமல் பிறக்கும் எலிக்குஞ்சுகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை என்பதால், அதை உடல் முழுவதும் அடக்குவது ஆபத்தாகலாம். இதற்கு மாற்றாக, வெட்டப்பட்ட காரணி ஏற்பியில் ஒட்டாமல் தடுக்கலாம். பிற மரபணுக்களோடு இணைந்துபோன ஹெரெகுலின் மரபணுவைக் கொண்ட அரிய கட்டிகளுக்கு, ஹெர்2, ஹெர்3 இரண்டையும் பற்றி அந்த ஒட்டலை மறிக்கும் செனோகுடுசுமாப் 2024 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் பெற்றிருக்கிறது. ஆடம்17-ஐ நேராகத் தடுக்கும் மருந்து எதுவும் நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை.