எஸ் எங்கே, வி எங்கே?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு எஸ்.வி.ஓ.சி.ஏ. என்ற ஐந்து எழுத்துகள் மறக்காது: சப்ஜெக்ட் (எழுவாய்), வெர்ப் (வினை), ஆப்ஜெக்ட் (செயப்படுபொருள்), காம்ப்ளிமென்ட் (நிரப்பு), அட்ஜங்ட் (அடை). பொதுத்தேர்வு வினாத்தாளில் ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்து, அது எந்த அமைப்பு என்று கேட்பார்கள். மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலும் வீட்டில் ஆங்கிலம் காதில் விழாமல் வளர்ந்த பிள்ளைகள், வாயால் பேசிப் பழகும் முன்பே கையால் பிரித்துப் பழகிய ஆங்கிலம் இது.

பிரிக்கும் முறை எளிது. 'தே எலெக்டட் ஹிம் பிரசிடென்ட்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். முதலில் வினைச்சொல்: எலெக்டட். தேர்ந்தெடுத்தது யார்? 'தே', அது எஸ். யாரை? 'ஹிம்', அது ஓ. மிச்சம் 'பிரசிடென்ட்'. ஹிம்மும் பிரசிடென்ட்டும் ஒரே ஆள் என்பதால் அது சி. 'ஷீ கேவ் ஹிம் எ புக்' என்ற வாக்கியமும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அவன் வேறு, புத்தகம் வேறு. எனவே ஹிம் ஐ.ஓ. (மறைமுகச் செயப்படுபொருள்), புக் டி.ஓ. (நேரடிச் செயப்படுபொருள்). ஒரே வரிசையில் நிற்கும் சொற்களுக்குள் இரண்டு வேறு உறவுகள் இருப்பதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தானாகக் கண்டுகொள்வது சின்ன விஷயமில்லை.

இந்தப் பழக்கம் வந்த வழி நீண்டது. 1795இல் வெளியான லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கணம், லத்தீன் இலக்கணத்தை அடியொற்றி, ஒவ்வொரு சொல்லையும் தனியே நிறுத்தி அதன் வகை, பால், எண், வேற்றுமை எல்லாவற்றையும் கேட்டது. முழு வாக்கியத்தையும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், அவற்றின் அடைகள் என்று பிரித்துப் பார்ப்பது பிரிட்டிஷ் பள்ளிகளில் பரவியது அதற்குப் பிறகு. பள்ளி ஆய்வாளர் ஜே. டி. மோரெல், ஜெர்மானிய இலக்கண அறிஞர் பெக்கரின் வழியைப் பின்பற்றி, 1852இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் ரீட், கெல்லாக் என்ற இருவர் 1877இல் வாக்கியத்தைக் கோடுகளால் வரைந்து காட்டினார்கள். இந்தியப் பாடநூல்களில் வேரூன்றியதோ, எழுவாயையும் பயனிலையையும் தனித்தனிப் பத்தியில் எழுதும் பிரிட்டிஷாரின் கட்டம்தான்.

அதை இங்கே நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் ஆங்கில இலக்கண நூல்கள் எழுதிய ஜே. சி. நெஸ்ஃபீல்டு. வட இந்தியாவில் கல்வித்துறை இயக்குநராக இருந்தவர். அடுத்த தலைமுறைக்கு ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூல் வந்தது. அந்த ரென், 'போ ஜெஸ்ட்' நாவலை எழுதிய அதே பி. சி. ரென்தான். பம்பாய் மாகாணக் கல்விப் பணியில் இருந்தவர்.

மதுரைப் பக்கம் ஆங்கிலக் கல்வி காலூன்றிய இடங்களில் ஒன்று பசுமலை, நாகமலை புதுக்கோட்டைக்குச் சில கிலோமீட்டர் தென்கிழக்கே. அமெரிக்க மதுரை மிஷன் 1845இல் தன் குருமடத்தை அங்கே கொண்டுவந்தது. பின்னாளில் மதுரை நகருக்குள் போன அமெரிக்கன் கல்லூரியும் 1881இல் பசுமலையில்தான் பிறந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தபின் மெட்ரிகுலேஷன் தேர்வே மேற்படிப்புக்கு வாசலாக இருந்தது. அந்தத் தேர்வில் ஆங்கிலம் தப்பிக்க முடியாத பாடம். வாக்கியப் பிரிப்பு இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணமும் தேர்வுதான் என்று தோன்றுகிறது. கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதில் ஆளுக்கொரு கருத்து வரும். கட்டத்தில் எழுதியது சரியா தவறா என்பதில் அந்தப் பேச்சே இல்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வேலை அந்நியமாகவும் இல்லை. திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்தே செய்யுளைப் பதம் பிரித்து, எழுவாயையும் பயனிலையையும் தேடிப் பிடித்து, கொண்டுகூட்டிப் பொருள் சொல்லிப் பழகிய மரபு இது. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளில் ஒன்றின் பெயரே கொண்டுகூட்டு. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. தமிழ் உரைநடையில் வினை கடைசியில் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் நடுவில் நிற்கும். 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் பசிக்கும் ஆள் நான்காம் வேற்றுமையில் இருக்கிறார். ஆங்கிலத்தில் அவரே எழுவாயாக முன்னால் வந்து நிற்கவேண்டும். 'இட் இஸ் ரெய்னிங்' என்பதிலோ எழுவாய்க்குப் பொருளே இல்லை. இந்த இடங்களில்தான் பிள்ளைகள் தடுமாறினார்கள், இன்றும் தடுமாறுகிறார்கள்.

நடுவில் ஒரு முறை இலக்கணப் பெயர்களைப் பின்னுக்குத் தள்ளும் முயற்சியும் நடந்தது. சென்னை மாநிலத்தில் 1952இல் ஆங்கிலப் பாடத்திட்டம் வாக்கிய மாதிரிகளை வைத்து மாற்றப்பட்டது. 1959இல் தொடங்கிய பயிற்சி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அந்த மாதிரிகளை வாய்வழியாகச் சொல்லிக்கொடுக்கப் பழகினார்கள். 1979இல் ஆங்கிலக் கல்வியாளர் என். எஸ். பிரபு பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் இன்னொரு படி மேலே போனார்: வரைபடம், ரயில் கால அட்டவணை போன்றவற்றை வைத்து வேலை கொடுத்து, இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமலே ஆங்கிலம் கற்பிக்கும் சோதனை. உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்கள் இன்றும் பேசும் சோதனை அது. ஆனால் இலக்கணப் பெயர்கள் மறைந்துவிடவில்லை. அதற்கு முன்பே, 1972இல், மொழியியலறிஞர் ராண்டால்ஃப் குவர்க் குழுவினரின் பெரிய இலக்கண நூல் ஏழு வாக்கிய வகைகளை எழுத்துக் குறிகளாக வகுத்திருந்தது. நம் பள்ளிகளின் எஸ்.வி.ஓ.வும் அந்த வழியில் வந்ததே.

இந்தப் பிரிப்பு வேலையை மனப்பாட வித்தை என்று ஒதுக்குவோர் உண்டு. பேச உதவவில்லை என்ற குறை நியாயம்தான். ஆனாலும் நாகமலைப் பக்கம் 1965இல் வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியும், 1966இல் மொழியியலறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்ட மதுரைப் பல்கலைக்கழகமும் வந்தபோது, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளுக்கு ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்க வேறு பிடிமானம் என்ன இருந்தது? ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்தவருக்குக் காது சொல்லித் தருவதை, இவர்களுக்கு அந்தக் கட்டம் சொல்லித் தந்தது. பத்து வரிக்கு நீளும் ஒரு நீதிமன்ற உத்தரவு கைக்கு வந்தால், அடைமொழிகளை ஒதுக்கிவிட்டு வி எது என்று முதலில் தேடத் தெரிந்தவர், யார் யாருக்கு எந்தத் தேதிக்குள் என்ன செய்யவேண்டும் என்பதைத் தானே படித்துக்கொள்கிறார்.