பேட்டரி பிறந்த கதையும் ஒரு தவளைக்காலும்

விலங்கியல் படிச்சவங்களுக்குத் தவளைன்னா மெழுகு டிரே, குண்டூசி, கத்தரி, ரெக்கார்டு நோட்டு. ரெண்டு ஆரிக்கிள், ஒரு வென்ட்ரிக்கிள்னு படம் போட்டு பாகம் குறிச்சா மார்க். பொட்டி தட்டுற நமக்கு அங்க என்ன வேலைங்கறீங்களா? இருக்கு. லேப்டாப்புக்குள்ள இருக்கற பேட்டரியோட கதையே தவளையோட பின்னங்கால்லதான் ஆரம்பிக்குது.

முதல்ல கொஞ்சம் உடற்கூறு. தவளையோட வயித்தைத் திறந்து குடலை ஒதுக்கினா, முதுகெலும்போட அடிப்பகுதியில ரெண்டு பக்கமும் வெள்ளை நூல் மாதிரி நரம்புகள் இறங்கும். இதுங்க சேர்ந்துதான் சயாட்டிக் நரம்பா தொடைக்குள்ள போய் கெண்டைக்கால் தசை வரைக்கும் ஆணை கொண்டு போகுது. குளிர் ரத்தப் பிராணிங்கறதால, உயிர் போனப்புறமும் இந்த நரம்பும் தசையும் ரொம்ப நேரம் வேலை செய்யும். ஆராய்ச்சிக்காரனுக்கு வேற என்ன வேணும்?

இத்தாலியில பொலோனா நகரத்துல லூயிஜி கால்வானின்னு ஒரு உடற்கூறு பேராசிரியர். 1780-கள்ல ரெண்டு பின்னங்கால், அதுல ஒட்டின நரம்பு, ஒரு துண்டு முதுகெலும்பு, இவ்வளவை மட்டும் வெட்டி வெச்சு ஆராய்ச்சி பண்ணினார். பக்கத்துல மின் எந்திரத்துல பொறி பறந்த நேரம், கத்தி நரம்புல பட்டதும் செத்த கால் உதைச்சுது! அப்புறம் பித்தளைக் கொக்கியில மாட்டி இரும்புக் கம்பியில தொங்கவிட்டார். இடி மின்னல் இல்லாமலே உதை. உயிரினத்துக்குள்ளயே மின்சாரம் இருக்குன்னு 1791-ல எழுதினார்.

பவியாவுல இருந்த அலெஸாண்ட்ரோ வோல்டா முதல்ல தலையாட்டினார், அப்புறம் மறுத்தார். மின்சாரம் வர்றது ரெண்டு வெவ்வேறு உலோகத்தால. தவளைக்கால் அதைக் காட்டுற கருவி மட்டும்தான்னார். கால்வானி விடலை. 1797-ல உலோகமே இல்லாம ஒரு தவளையோட நரம்பை இன்னொண்ணு மேல பட வெச்சு காலைத் துள்ள வெச்சார். உலகம் கண்டுக்கலை. வோல்டா துத்தநாகம், வெள்ளி, உப்புத்தண்ணியில நனைச்ச அட்டைன்னு மாத்தி மாத்தி அடுக்கி, 1800-ல உலகத்தோட முதல் பேட்டரியைக் காட்டினார். நெப்போலியன் அவருக்குப் பிரபு பட்டம் கொடுத்தார். கால்வானியோ நெப்போலியன் அமைச்ச குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன்னு சொல்லி வேலையை இழந்தார். 1798-ல செத்தே போனார், பேட்டரியைப் பாக்காமலே.

சரி, யார் சொன்னது சரி? ரெண்டு பேருமேதான்! கொக்கியில தொங்கின கால் துள்ளினது ரெண்டு உலோகத்தாலங்கறதுல வோல்டா சொன்னது கரெக்ட். ஆனா நரம்பு சும்மா கம்பி இல்லை. நரம்பு செல்லோட சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் சோடியம், பொட்டாசியம் அயனிகளோட அளவு வேற வேற. அந்த வித்தியாசமே ஒரு குட்டி பேட்டரி. 1840-கள்ல மத்தேயூச்சி, டூ புவா ரேமோன் ரெண்டு பேரும் தசை, நரம்போட மின்சாரத்தைக் கருவி வெச்சே அளந்துட்டாங்க. அந்தக் கருவி பேரு என்ன தெரியுமா? கால்வனோமீட்டர்! :-)

வோல்ட்டுன்னு தினமும் ஒருத்தர் பேரைச் சொல்றோம். ஆனா இன்னிக்கு ஆஸ்பத்திரியில ஈசிஜி தாள்ல ஓடுற கோடு, தோத்துப்போனதா நினைச்ச இன்னொருத்தர் கட்சி. வீட்டுல யாராவது ரெக்கார்டு நோட்டுல சயாட்டிக் நரம்புக்கு அம்புக்குறி போட்டா, அந்த மனுஷன் பேரையும் சொல்லி வைங்க.