கடிகாரக்காரர்கள் – 7: சிகாகோவிலிருந்து வந்த உத்தரவு

1969 டிசம்பர் 25. டோக்கியோவில் செய்கோ கம்பெனி ஒரு கைக்கடிகாரத்தைக் கடையில் வைத்தது, விலை 4,50,000 யென் என்று சொல்லிவிட்டுப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அன்றைய ஜப்பானில் அந்தப் பணத்துக்கு ஒரு சின்ன காரே வந்துவிடும். அப்படி என்ன இருந்தது அதில்?

தங்கக் கூடு இருந்தது. ஆனால் பேச்சு தங்கத்தைப் பற்றியதாக இல்லை. மாதத்துக்கு 5 வினாடிக்கு மேல் பிசகாது என்று செய்கோ வாக்குக் கொடுத்தது. நல்ல சுவிஸ் கடிகாரம் ஒரே நாளில் 5 வினாடி பிசகினால் அதையே கட்டியிருப்பவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் தினமும் காலையில் சாவி கொடுத்து, ரேடியோவில் செய்தி ஆரம்பிக்கும்போது முள்ளைத் திருப்பி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ‘என் வாட்ச் ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட்’ என்பது குறையாகவே தோன்றாத காலம் அது.

அஸ்ட்ரான் என்று பெயரிடப்பட்ட அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கிடையாது. உள்ளே ஒரு பேட்டரி, ஒரு துண்டு குவார்ட்ஸ் படிகம். குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880லேயே கண்டுபிடித்திருந்தார்கள். மின்சாரத்தைக் கொடுத்தால் அது அதிரும். அஸ்ட்ரானின் படிகம் வினாடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. அதைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, இப்படி 13 முறை செய்தால் வினாடிக்குச் சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் முள்ளை ஒரு அடி நகர்த்துகிறது. அதே 1969இல் சுவிட்சர்லாந்தின் ஸெனித் கம்பெனி ‘எல் ப்ரிமேரோ’ என்ற இயந்திரத்தைப் பெருமையோடு அறிமுகப்படுத்தியிருந்தது. அதன் பேலன்ஸ் வீல் வினாடிக்கு 10 முறை துடித்தது. சாவிக் கடிகாரத்தில் அது பெரிய சாதனை. பத்து எங்கே, எட்டாயிரம் எங்கே.

இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஜப்பான்காரன் விழித்திருந்தான், சுவிஸ்காரன் தூங்கிக் கோட்டைவிட்டான் என்று. மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இன்றும் இதைத்தான் ஓதுகிறார்கள். உண்மை இதைவிடச் சுவாரஸ்யமானது. சுவிஸ் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து நெஷாட்டேல் நகரில் மின்னணுக் கடிகார ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியது 1962இல். குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை முதலில் செய்து காட்டியதும் அவர்களே. 1967இல் நெஷாட்டேல் வானாய்வகத்தின் துல்லியப் போட்டியில் முதலிடங்களை அள்ளியது அந்த மையத்தின் ‘பீட்டா’ ரகம். செய்கோவின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் அதற்குப் பின்னால்தான் வந்தன. ஆக, கண்டுபிடிப்பு கையிலேயே இருந்தது. சந்தைக்கு வர 1970 ஆயிற்று. அதுவும் அவசரம் இல்லாமல், ஆறாயிரம் இயந்திரங்களோடு, பல கம்பெனிகள் பங்கு போட்டுக்கொண்டு.

ஏன் இந்த நிதானம்? என் கணக்கு இது: துல்லியம் என்றால் விலை உயர்ந்தது, கஷ்டப்பட்டுக் கிடைப்பது என்ற எண்ணத்தின் மேல்தான் அந்த மலைநாடே கட்டப்பட்டிருந்தது. அது மலிவாகக் கிடைக்கும் என்று அவர்களால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. லா ஷோ-த-ஃபோன் நகரை நினைத்துப் பாருங்கள். 1794இல் தீயில் அழிந்த பிறகு மீண்டும் கட்டியபோது நேர்கோட்டுத் தெருக்களாகவே கட்டினார்கள். வேலை செய்கிற மேசைக்கு வெயில் வேண்டும் என்பதால் வரிசை வரிசையாக ஜன்னல்கள். ஊரே ஒரு கடிகாரத் தொழிற்சாலை என்று கார்ல் மார்க்ஸ் ‘மூலதன’த்தில் எழுதியிருக்கிறார். அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் பெண்களும் இருந்தார்கள். தலைமுடியை விட மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கைச் சாமணத்தால் பிடித்து, பேலன்ஸ் வீலோடு பொருத்தி, அது வேகமாக ஓடுகிறதா மெதுவாக ஓடுகிறதா என்று பார்த்து, ஸ்பிரிங்கின் வெளிச்சுற்றை ஒரு நூல் வளைத்து, மறுபடியும் பார்த்து... இதுதான் ‘ரெக்லூஸ்’ என்ற பெண்களின் வேலை. கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். கற்றுக்கொண்டால் பிள்ளை குட்டிகளோடு வீட்டிலிருந்தபடியே கௌரவமாகச் சம்பாதிக்கலாம். குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஹேர் ஸ்பிரிங்கே கிடையாது. ஒரு கைத்தொழிலே மிச்சமில்லாமல் போயிற்று.

ஆனாலும் முதல் சில வருடங்கள் யாருக்கும் பயம் இல்லை. காரின் விலைக்கு விற்கிற பொருளைக் கண்டு யார் பயப்படுவார்கள்? 1972இல் அமெரிக்காவின் ஹாமில்டன் கம்பெனி ‘பல்சர்’ என்று முள்ளே இல்லாத கடிகாரத்தை 2,100 டாலருக்கு விற்றது. பித்தானை அழுத்தினால்தான் சிவப்பு எண்கள் தெரியும். இடது கையில் மணி பார்க்க வலது கையும் தேவை! பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள் என்று சுவிஸ்காரர்கள் சிரித்திருந்தால் தப்பில்லை. நாலே வருடம். 1976இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அதே ரகத்தை 20 டாலருக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் 10 டாலர். கடிகாரம் இப்போது சிப் செய்கிறவர்களின் வியாபாரம்.

பழியை முழுக்கக் குவார்ட்ஸ் மேல் போடுவதும் நியாயமில்லை. 1971இல் அமெரிக்கா டாலரைத் தங்கத்திலிருந்து கழற்றிவிட்டது. அதுவரை நாலு ஃபிராங்குக்கு மேல் கொடுத்தால்தான் கிடைத்துக்கொண்டிருந்த டாலர், 1978க்குள் இரண்டு ஃபிராங்குக்கும் கீழே விழுந்தது. அதாவது சுவிஸ் கடிகாரத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே நியூயார்க் கடையில் அதன் விலை இரட்டித்தது. ஒரு பக்கம் விலை சரிகிற எதிரி, இன்னொரு பக்கம் விலை ஏறுகிற நாணயம். 1970இல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் 90,000 பேர் இருந்தார்கள். 1980களின் நடுவில் மிஞ்சியவர்கள் 30,000 பேர் அளவில்தான்.

இனி லெ லோக்ல். நம் தாத்தாக்கள் கல்யாணத்துக்குச் சீராக வாங்கிக் கட்டிக்கொண்ட ஃபேவர்-லூபா பிறந்த அதே மலையூர். ஸெனித் கம்பெனி 1865 முதல் அங்கேதான் இருந்தது. 1971இல் அதை வாங்கியது அமெரிக்காவின் ஸெனித் ரேடியோ. பெயர் ஒன்றுதானே தவிர, இரண்டுக்கும் அதுவரை உறவு கிடையாது. டி.வி. விற்கிறவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ்தான் வேதம். 1975இல் சிகாகோவிலிருந்து உத்தரவு வந்தது. சாவிக் கடிகார இயந்திரங்களின் தயாரிப்பை நிறுத்து. கருவிகளை விற்றுவிடு. வாங்க ஆளில்லாவிட்டால் பழைய இரும்பாகப் போடு.

பேரீச்சம்பழக் கணக்கில் போகவிருந்தவை என்னென்ன தெரியுமா? எல் ப்ரிமேரோவின் ஒவ்வொரு பாகத்தையும் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கும் எஃகு அச்சுகள், காம்கள், வெட்டுக்கருவிகள். வரைபடம் இருந்தால் பாகத்தைச் செய்துவிடலாம் என்று ஆபீஸில் இருப்பவர் நினைக்கலாம். அச்சு போய்விட்டால் அதைத் திரும்பச் செய்யவே பல வருடங்களும் பெரும் பணமும் வேண்டும் என்பது பட்டறைக்குத் தெரியும்.

ஷார்ல் வெர்மோவுக்குத் தெரிந்திருந்தது. எல் ப்ரிமேரோவின் உருவாக்கத்தில் பங்கெடுத்த பட்டறைப் பொறுப்பாளர் அவர். குவார்ட்ஸ் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சின்னதாக ஒரு மூலையிலாவது சாவிக் கடிகாரப் பட்டறையை விட்டுவையுங்கள் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்.

பதில் வரவில்லை.

வெர்மோ அதன் பிறகு கடிதம் எழுதவில்லை. மற்றவர்கள் கிளம்பிய பிறகு பட்டறையில் தங்க ஆரம்பித்தார். அச்சுகளுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டினார். எது எதற்கு, எந்த இயந்திரத்தில் எப்படிப் பூட்ட வேண்டும் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். உத்தரவுப்படி அவை போயிருக்க வேண்டிய இடம் காயலான்கடை. அவர் அவற்றைத் தூக்கிக்கொண்டு போனதோ மாடிப்படியில், மேல்நோக்கி.

தெரிந்தால் வேலை போய்விடும். கம்பெனியின் சொத்தை ஒளித்து வைப்பதற்கு வேறு பெயரும் உண்டு. மேலே எங்கே வைத்தார்? ஒன்பது வருடங்கள் கழித்து அந்த நோட்டைத் தேடி வந்தவர்களுக்கு அது ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது?

(அடுத்த வாரம்: பூட்டிய பரண்)