நூர் இனாயத் கான்

நூர் இனாயத் கான் (1914–1944) இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் வசப்பட்டிருந்த பிரான்ஸுக்குள் பிரிட்டிஷாரால் அனுப்பப்பட்ட முதல் பெண் கம்பியில்லாத் தந்தியாளர். மறைவுக்குப் பின், 1949-இல், பிரிட்டன் இவருக்கு ஜார்ஜ் சிலுவை விருதளித்துக் கௌரவித்தது. மாஸ்கோவில் பிறந்தவர், தந்தை ஸூபி ஞானியும் வீணை வித்வானுமான ஹஸ்ரத் இனாயத் கான், தாய் அமெரிக்கரான ஓரா ரே பேக்கர். தந்தையின் முன்னோர் வழியே இவர் திப்பு சுல்தானின் வம்சம்.

பாரிஸை அடுத்த ஸ்யூரேனில் வளர்ந்து, சங்கீதமும் குழந்தை மனோதத்துவமும் பயின்று, புத்த ஜாதகக் கதைகளில் இருபதைக் குழந்தைகளுக்காகத் திருப்பி எழுதி 1939-இல் வெளியிட்ட இந்தச் சாந்த ஸ்வரூபி, மறு ஆண்டே பிரான்ஸ் வீழ, இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று, விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து தந்தி பயின்றார். 1943 ஜூன் 16 இரவு, ஒரு சிறு விமானம் இவரை ரகசியப் பணிக்காகப் பிரான்ஸின் ஆன்ஷே நகருக்கு வடக்கே ஒரு வயல்வெளியில் இறக்கிவிட்டது. ரகசியப் பெயர் மதலேன்.

வந்து பத்து நாளாகுமுன், இவர் சேர்ந்த ரகசியக் குழுவின் தலைவர் ஃபிரான்ஸிஸ் ஸட்டில் பிடிபட்டார். அவரைத் தொடர்ந்து கைதானவர் பலர். திரும்பி வந்துவிடும்படி லண்டன் சொல்லியும், பாரிஸில் செய்தி அனுப்ப வேறு ஆளில்லை என்று நூர் மறுத்துவிட்டார். தந்தி அலையை மோப்பம் பிடித்து வீட்டைக் கண்டுபிடிக்கும் ஜெர்மானிய வண்டிகள் தெருவெங்கும் திரிந்தமையால், பெட்டிக்குள் அடங்கிய அந்தக் கனத்த கருவியைச் சுமந்துகொண்டு வீடு மாறி வீடாக மூன்று மாதத்துக்கும் மேலாக அலைந்தார்.

அக்டோபரில் அகப்பட்டார். காட்டிக் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண்மணியை 1949-இல் நீதிமன்றம் ஒரே வாக்கு வித்தியாசத்தில் விடுவித்தது. அந்த முடிச்சு இன்றும் அவிழவில்லை. அனுப்பிய செய்திகளையெல்லாம் நூர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தது பெரும் அனர்த்தமாயிற்று. அதைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அவரைப் போலவே லண்டனுக்குச் செய்தி அனுப்ப, லண்டனும் நம்பியது. அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி முடியுமுன் அனுப்பியவர்களின் பொறுப்பே அதில் பெரிது.

சிறையிலிருந்து கூரை வழியே தப்ப முயன்று மீண்டும் பிடிபட்டவரை, நவம்பரில் ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறைக்குக் கொண்டுபோய், கையிலும் காலிலும் விலங்கிட்டுத் தனியறையில் பத்து மாதம் அடைத்தார்கள். போர் முடிந்து, காணாமற்போன பெண்களைத் தேடிச் சென்ற வேரா அட்கின்ஸ் என்ற அதிகாரி, நூர் 1944 ஜூலையில் நாட்ஸ்வைலர் முகாமில் மாண்டதாகவே முதலில் முடிவு கட்டினார். ஆனால் ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த பிரெஞ்சுக் கைதி ஒருவர், சாப்பாட்டுக் கிண்ணத்தின் அடியில் கீறியிருந்த எழுத்துக்களைப் பார்த்திருந்தார்: நோரா பேக்கர் என்ற பெயரும், ஒரு லண்டன் முகவரியும். தாயின் குடும்பப் பெயரைக் கொண்டு நூர் வைத்துக்கொண்டிருந்த பெயர் அது. அச்சிறையின் சாட்சியங்களைத் துருவியபோது, ஜூலையில் இறந்ததாகச் சொல்லப்பட்டவர் செப்டம்பர் வரை அங்கே இருந்தது வெளிப்பட்டது. நாட்ஸ்வைலரில் மாண்டவர் சோன்யா ஒல்ஷானெஸ்கி என்ற வேறொரு பெண்.

நூர் இறந்தது டாஹாவ் முகாமில், 1944 செப்டம்பர் 13 அன்று, வேறு மூன்று பெண்களோடு சுடப்பட்டு. அவர்களுள் மதலேன் தமெர்மான் என்பவர், நூரின் பெயரால் ஜெர்மானியர் அனுப்பிய பொய்த் தந்தியை நம்பி, அந்தப் பிப்ரவரி இறுதியில் பாராசூட்டில் இறங்கி நேரே அவர்கள் கையில் விழுந்தவர்.